ஊறாத விதை

நவராத்திரி நாட்களில், முந்தின இரவே ஊறப்போட்டு மறுநாள் பதமாக வேகவைத்து, தேங்காய்த் துருவல் தூவித் தாளித்தெடுத்த பச்சைப்பயறுச் சுண்டலை மெல்லும்போது, எங்கிருந்தோ ஒரே ஒரு பயறு மட்டும் கூழாங்கல்லைப் போலக் கடைவாய்ப் பல்லில் அகப்பட்டு ஒரு கணம் மூச்சை நிறுத்திவிடும் அனுபவம் நம்மில் பெரும்பாலோருக்கு வாய்த்திருக்கும். என் தாயார் ஊறிய பயற்றை அரிக்கும்போதே இத்தகைய மணிகளை விரல் நுனியால் இனங்கண்டு, “இது ஊறாப் பிறவி” என்று சொல்லிக் கொல்லையில் வீசிவிடுவார். அந்த ஊறாப் பிறவியைப் பற்றிய விசாரணையே இக்கட்டுரை. அதற்கு நிமித்தமாக அமைந்ததோ, நம் நாட்டில் இயற்கையாக விளையாத லூப்பின் என்னும் மேனாட்டுக் காட்டுப் பூச்செடி.

அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த லூப்பின் இனங்கள் இருநூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றுள் மிகுதியானவை அமெரிக்கக் கண்டங்களிலும், சில மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளிலும் இயல்பாக வளர்பவை. விரித்த விரல்களைப் போன்ற இலைகளும், கோபுரம் போல் அடுக்கடுக்காக மேலேறும் நீலப் பூங்கதிரும் கொண்ட இச்செடியை அந்நாட்டார் விதையிட்டு வளர்ப்பதில் காட்டும் சிரத்தை அலாதியானது. டெக்ஸஸ் மாநிலம் 1901-ஆம் ஆண்டிலேயே தன் பகுதி லூப்பினை மாநில மலராக ஏற்றுக்கொண்டது. உதகையில் ஒரு முறை இதன் விதைப் பொட்டலம் ஒன்றை வாங்கிவந்து, மார்கழிக் குளிரை நம்பித் தரமணியில் என் மொட்டைமாடித் தொட்டியில் தூவினேன். முளைத்தவை முளைத்தன, தை முடியுமுன் இலையோரம் கருகத் தொடங்கி, மாசி வெயிலில் ஒன்றன்பின் ஒன்றாய்த் தலை சாய்ந்தன. மலைக் குளிருக்குப் பழகிய ஜீவனைக் கடலோர உஷ்ணத்தில் கொண்டுவந்து நிறுத்தியவன் நான்; செடியை நோவதில் நியாயமில்லை.

அவ்வாண்டு கார்த்திகையிலேயே, என் வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், ஒரு நெடிய மதிற்சுவரின் அடியில் ஊதா கலந்த நீலப் பூக்கதிர்கள் நின்றதைப் பார்த்தும் பாராதவனாய்க் கடந்து போயிருந்தேன் என்பது பிற்பாடுதான் உறைத்தது. மீண்டும் போய்ப் பார்த்த அன்று, பூவெல்லாம் காயாகிக் காய்ந்திருந்தது. மண்வெட்டியுடன் ஓர் அம்மாள் ஓரத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

“அம்மா, அந்தச் செடிய மட்டும் கொஞ்சம் விட்டுடுங்களேன்.”

“இதுவா சார்? இது களைதானே. கிலுகிலுப்ப. எங்க ஊர்ல புள்ளைங்க காத ஒட்டி ஆட்டி ஆட்டி வெளையாடுங்க” என்று சொல்லி, ஒரு காயைப் பறித்து என் செவியருகில் குலுக்கிக் காட்டினார். உள்ளே விதைகள் கலகலத்தன.

அந்தச் சத்தத்தில்தான் இரு செடிகளின் உறவும் வெளிப்படுகிறது. கிலுகிலுப்பைப் பேரினத்துக்கு லின்னேயஸ் குரோட்டலேரியா என்று பெயரிட்டது, கைத்தாளக் கட்டையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ஆதாரமாகக் கொண்டு. வாலை ஆட்டி ஓசையெழுப்பும் அமெரிக்கப் பாம்புக்கும் அதே வேரிலிருந்துதான் பெயர் பிறந்தது. அந்தக் கிரேக்கமும் லத்தீனும் அறியாமலே நம்மவர் அதே ஒலியைக் கேட்டு அதே பொருளில் பெயர் வைத்துவிட்டனர். தாவர சாஸ்திரிகள் வகுத்த வம்சாவளியில் லூப்பின் ஒரு கிளை, கிலுகிலுப்பை அதற்குப் பக்கத்துக் கிளை. ஒரே அடிமரத்துப் பங்காளிகள் என்று சொல்லலாம். உலகெங்கும் ஏறக்குறைய 700 இனங்கள் கொண்ட கிலுகிலுப்பைப் பேரினத்துக்கு ஆப்பிரிக்காவே பெரிய தாய்வீடு எனினும், நம் நாட்டிலும் அதற்குப் பஞ்சமில்லை. நான் மதிலோரம் கண்டது குரோட்டலேரியா வெருகோசா. நாற்கோணத் தண்டும், விரலாகப் பிரியாத அகன்ற தனியிலையும், வெண்மையும் நீலமும் கலந்த பூவும் அதன் அடையாளங்கள். நுனி சற்றே உட்குழிந்த இலையும் மஞ்சள் பூவும் உடைய ரெட்டுசா, பறவை பறப்பது போன்ற பூவுள்ள லாபர்னிபோலியா, நாருக்கும் பசுந்தாள் உரத்துக்கும் வயலில் விதைக்கும் சணப்பு ஆகியவை அதே வீட்டுப் பிள்ளைகள். நீலக் கதிரைக் கண்டு ஆசைப்பட்டவனுக்கு வெருகோசாவைவிட நெருங்கிய பதில் சென்னையில் இல்லை.

பூவின் உட்கட்டமைப்பும் இந்த உறவுக்குச் சாட்சி சொல்கிறது. கிலுகிலுப்பையின் அடியிதழ்கள் இரண்டும் கூடி, நுனியில் கூரிய மூக்குடன் ஒரு சிறு படகாக அமைந்திருக்கின்றன. கருவண்டு ஒன்று வந்து அதன்மேல் அமர்ந்து அழுத்தினால், முறுக்கு நாழியின் பிடியை அமுக்கும்போது அச்சின் துளை வழியே மாவு வருவதைப் போல, மூக்கின் நுனியிலிருந்து மகரந்தம் இழையாகப் பிதுங்கி வண்டின் வயிற்றில் ஒட்டிக்கொள்கிறது. வண்டு எழுந்ததும் படகு பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த விருந்தாளிக்குக் காத்திருக்கும். இதே பிழியும் யுக்தியே லூப்பினிலும் உள்ளது. ஒரு குச்சியின் நுனியால் மெல்ல அழுத்தினால் யாரும் இதைப் பிரத்தியட்சமாகக் காணலாம்.

சென்னையின் இயல்புத் தாவரங்கள் இன்னவை என்று அறிய விரும்புவோர் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. மாயூரநாதன் தொகுத்துச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1929-இல் வெளியிட்ட சென்னை நகரப் பூக்கும் தாவரங்களைப் பற்றிய நூல், கேம்பிள் தொடங்கி பிஷர் முடித்து 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த சென்னை மாகாணத் தாவரத் தொகுதி, திருச்சி ரபினத் தாவரச் சேகரத்திலிருந்து பாதிரியார் மேத்யூ 1980-களில் வெளியிட்ட தமிழகக் கர்நாடகச் சமவெளித் தாவர நூல் ஆகிய மூன்றும் இந்தத் துறையில் பிரமாண நூல்கள். இவற்றைப் புரட்டுபவர் வியப்பது, இன்று கண்ணாடிக் கட்டடங்கள் அடர்ந்திருக்கும் இப்பகுதியின் மண்ணுக்கு உரியவையாய் அவரைக் குடும்பத்துக் குறுஞ்செடிகள் எத்தனை இருக்கின்றன என்பதையே. கொழுஞ்சி, அவுரி, ஆவாரை, குன்றிமணிக் கொடி இவையெல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் எண்ணிக் காட்டும் 99 பூக்களில் ஆவிரையும் உண்டு. எஞ்சிய காட்டைப் பார்க்க விரும்புபவர் ஐ.ஐ.டி.யைக் கடந்து கிண்டி தேசியப் பூங்காவுக்குச் செல்லலாம், 2.7 சதுர கிலோமீட்டரே பரப்புள்ள அது, 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட உலர் பசுமைக்காட்டுத் துண்டு. ஆனால் நமது கிலுகிலுப்பை காட்டை நாடுவதே இல்லை. வெயில் நேராக விழும் திறந்த மணற்பாங்கும், அண்மையில் யாரோ கிளறிவிட்ட மண்ணுமே அதற்குப் பிரியம்.

இனி விதைக்கு வருவோம். வயலில் விதைத்த சணப்பு மூன்றாம் நாள் முளைவிடும். அதே பேரினத்தைச் சேர்ந்த வெருகோசாவோ, வேறு பேரினத்துக் கொழுஞ்சியோ ஈரமண்ணில் மாதக்கணக்கில் கிடந்தும் அசையாது. காரணம் அழுகலோ மலடோ இல்லை. விதைக்குள் தண்ணீர் புகுவதே இல்லை. அவரைக் குடும்பத்து விதைத்தோலில், நெட்டுக்குத்தாய் அடுக்கிய செங்கற்களைப் போல நெருங்கி நிற்கும் உயிரணு வரிசை ஒன்று உண்டு. விதை முற்றிக் காயும்போது அந்த வரிசை இறுகி, மெழுகுப் பூச்சும் சேர்ந்து, பூட்டிய பெட்டகமாகிவிடுகிறது. இப்பூட்டு எப்படி விழுகிறது என்பதை 1954-இல் ஹைட் என்பவர் விளக்கிக் காட்டிய ஆராய்ச்சி, இத்துறையில் நான் படித்தவற்றுள் மிக அழகானது. தீவனச் செடியாகிய குளோவரையும் ஒரு வகை லூப்பினையும் கொண்டு அவர் கண்டது இது: விதை காயோடு ஒட்டியிருந்த தழும்பில் ஒரு நுண்ணிய பிளவு இருக்கிறது, வெளிக்காற்று வறண்டிருக்கும்போது அது திறந்து உள்ளீரத்தை வெளியே விடுகிறது, காற்றில் ஈரம் கூடினாலோ உடனே மூடிக்கொள்கிறது. உள்ளிருப்பது வெளியே போகலாம், வெளியிலிருப்பது உள்ளே வரலாகாது. ஆகவே அவ்விதை தான் சந்தித்த மிக வறண்ட நாளின் வறட்சியை உள்ளே தேக்கி வைத்துக்கொண்டு, பிறகு வரும் ஈரங்களை ஏற்க மறுத்துவிடுகிறது.

இந்த விளக்கத்திலிருந்து ஒரு நடைமுறைப் பயனும் கிட்டுகிறது. காய் பழுத்து மஞ்சளாகி, இன்னும் கிலுகிலுக்கத் தொடங்காத பருவத்தில் பறித்து உரித்தெடுத்த விதைக்குப் பூட்டு முழுமையாக விழுந்திருக்காது. அதை உலர்த்தாமல் அன்றே மண்ணிலிட்டால், எந்த உபசாரமும் இன்றிப் பெரும்பாலும் முளைத்துவிடும். சத்தம் கேட்டபிறகு பறித்ததே முற்றிய விதை என்பதும் உண்மை, முளைக்க மறுக்கும் விதை என்பதும் உண்மை.

பூட்டைத் திறக்கும் உபாயங்களைப் பற்றி அபிப்பிராயங்கள் பல. ஆராய்ச்சிக் கூடங்களில் அடர்கந்தக அமிலத்தில் சில நிமிடம் மூழ்கவைத்துக் கழுவுகிறார்கள். அது வீட்டுக்கு உகந்த காரியமன்று, அதைப் பற்றி இதற்குமேல் சொல்லத் தேவையுமில்லை. கொதித்து இறக்கிய வெந்நீரை விதையின்மேல் ஊற்றி அது ஆறும்வரை ஊறவிடுவது இரண்டாவது வழி. ஆவாரைக்கு இது நன்றாகவே பலிக்கிறது. ஆனால் சிறிய விதைகளைப் பொறுத்தவரை, அடுப்பிலிருந்து இறக்கியதற்கும் ஊற்றியதற்கும் இடையே எவ்வளவு நேரம் சென்றது என்பதைப் பொறுத்து முளைப்பதோ அவிவதோ நேர்கிறது. என் அனுபவத்தில் ஒரு தடவை முளைகளுக்குப் பதில் சுண்டல்தான் கிடைத்தது. மணலோடு சேர்த்துத் தேய்ப்பது மூன்றாவது. கொழுஞ்சியைப் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் உழவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது.

நான் கைக்கொள்வது இதன் நகர வடிவம். ஒரு காலித் தீப்பெட்டியின் உட்புறம் நான்கு பக்கமும் மரத்தச்சர் பயன்படுத்தும் உப்புத்தாளை அளவாக வெட்டி ஒட்டி, ஒரு தேக்கரண்டி விதையை உள்ளே போட்டு மூடி, வானொலியில் ஒரு கீர்த்தனை பாடி முடியும்வரை குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். தொடங்கும்போது எழும் ஓசை காயின் ஓசையையே ஒத்திருக்கும். சற்று நேரத்தில் அது மங்கி, மணலை அரிப்பது போன்ற சுரசுரப்பாக மாறும். பெட்டியைத் திறந்தால், எண்ணெய் தடவினாற்போல் பளபளத்த விதைகள் மாப்பூசியவை போல மங்கிக் கிடக்கும். அவற்றை ஒரு கிண்ணத்து நீரில் போட்டு வைத்து விடியலில் பார்க்க வேண்டும்: பாதிக்கு மேல் இரு மடங்காகப் பருத்து நிறம் வெளுத்திருக்கும், மற்றவை போட்டபடியே, சிறுத்து, இருண்டு, கிண்ணத்தடியில் கிடக்கும். திருமணங்களில் பாலிகை தெளிப்பதற்காகவும், அம்மன் கோயில் முளைப்பாரிக்காகவும் தானியங்களை ஊறவைத்துப் பருத்தவற்றை மட்டும் பொறுக்கி விதைக்கும் நம் மூதாட்டியருக்கு இந்தப் பிரிவினை புதிதன்று.

இவ்வளவு செயற்கை உபாயங்களுக்கு முன்னால், இயற்கை அதே பூட்டை எதைக்கொண்டு திறக்கிறது என்ற கேள்வி எழுவது முறையே. மேற்கு ஆஸ்திரேலியாவில் குவின்லிவன் என்பவர் 1960-களில் அங்குள்ள மேய்ச்சல் நிலத்து அவரையினங்களையும் மணல்வெளி லூப்பினையும் வைத்துச் செய்த பரிசோதனைகள் இதற்குத் தெளிவான விடை அளித்தன. ஒரே சீரான வெப்பத்தில் எத்தனை நாள் வைத்தாலும் விதை அதிகம் இளகுவதில்லை. பகலில் 60 டிகிரியும் இரவில் 15 டிகிரியுமாக வெப்பம் ஏறி இறங்கும்போது, அந்த விரிவிலும் சுருக்கத்திலும் விதைத்தோலின் பலவீனமான ஓரிடம் நாளடைவில் விட்டுக்கொடுக்கிறது. கோடை முழுவதும் வெட்டவெளி மண்ணின் மேற்பரப்பில் கிடந்து வெந்த விதைகளில் ஒரு பகுதி, மழை வரும் சமயத்துக்குச் சரியாக இளகி நிற்கிறது. இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. அக்கினி நட்சத்திரப் பகலில் தரமணிக் கட்டாந்தரை கொதிப்பதற்குக் குறைவில்லை. ஆனால் கடற்கரை ஊராகையால் இரவும் புழுங்குகிறதே தவிரக் குளிர்வதில்லை. ஏற்றம் உண்டு, இறக்கம் போதாது. எனவே இங்கே விதைகள் ஆண்டுக்குச் சிலவாக, தவணை முறையில் இளகுகின்றன என்று நான் ஊகிக்கிறேன். மதிலோரச் செடிகள் ஓராண்டு பத்தாகவும் மறு ஆண்டு இரண்டாகவும் தோன்றுவது இந்த ஊகத்துக்கு இசைவாகவே இருக்கிறது.

விதையின் பொறுமையைப் பற்றி மிகைப்படுத்தலும் உண்டு. கனடாவின் யூக்கான் பிரதேசத்தில் 1954-இல், உறைந்த மண்ணில் இருந்த எலிவளைகளில் ஆர்க்டிக் லூப்பின் விதைகள் கிடைத்தன. அவை பதினாயிரம் ஆண்டுப் பழமையானவை என்றும், அவற்றில் சில முளைத்துச் செடியாகின என்றும் 1967-இல் ஒரு பிரசித்தமான விஞ்ஞான சஞ்சிகையில் கட்டுரை வெளிவந்தது. நாற்பதாண்டுக் காலம் அது பாடநூல்களில் இடம்பெற்று, உலகின் மிகப் பழைய விதை என்ற கீர்த்தியோடு உலவியது. 2009-இல் கதிரியக்கக் கரிமக் கணக்கீட்டால் ஆராய்ந்தபோது, அவ்விதைகள் இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, பழைய வளையில் எப்படியோ புதிதாக விழுந்தவை என்பது வெளிப்பட்டது. ஆனாலும் ஊறாத விதை பத்தும் இருபதும் ஆண்டுகள் உயிரோடு இருக்கும் என்பதில் ஐயமில்லை. விதையின் ஈரத்தை ஒரு சதவீதம் குறைத்தால் ஆயுள் இரட்டிக்கும், வைத்திருக்கும் இடத்தின் வெப்பத்தை 5 டிகிரி குறைத்தாலும் ஆயுள் இரட்டிக்கும் என்று ஹாரிங்டன் வகுத்த சூத்திரம் விதைக் காப்பகங்களுக்கெல்லாம் வேதவாக்கு. நமது கிலுகிலுப்பையோ அந்தச் சூத்திரத்தின் முற்பாதியைத் தழும்பு வழியாகத் தானே நிறைவேற்றிக்கொள்கிறது.

சணப்புக்கு மட்டும் இந்தப் பிடிவாதம் ஏன் இல்லை? மனிதன் விதைத்து மனிதனே அறுக்கும் பயிரில், விதைத்த வாரத்தில் முளைத்தவை மட்டுமே அறுவடைக்கு நின்று அடுத்த ஆண்டு விதையாயின. தாமதித்தவை உழவில் புரண்டு கணக்கிலிருந்து விடுபட்டன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பயறும் உளுந்தும் துவரையும் இவ்வாறுதான் இளகின. லூப்பினில் இதே காரியம் நம் காலத்திலேயே, கண்முன்னே நடந்திருக்கிறது: மேற்கு ஆஸ்திரேலியாவில் கிளாட்ஸ்டோன்ஸ் என்னும் விஞ்ஞானி, ஊறும் விதை, வெடித்துச் சிதறாத காய், கசப்பில்லாத பருப்பு ஆகிய குணங்களை ஒன்றுசேர்த்துப் புதிய ரகங்களை உருவாக்கினார், அவற்றில் முதலாவது 1967-இல் வெளியிடப்பட்டது. சுண்டலில் பல்லைப் பதம்பார்க்கும் அந்த ஒற்றைப் பயறு, பழைய காட்டு சுபாவத்தை இன்னும் கைவிடாத ஒரு மணி என்றே கருத வேண்டும். இதனாலேயே, எல்லா விதையையும் ஒருங்கே முளைக்கச் செய்வதை வெற்றியென்று கொள்ளும் தோட்டக்கலை நூல்களின் நோக்கு காட்டுப் பூச்செடி விஷயத்தில் பொருந்தாது என்பது என் துணிபு. ஒரு மழையை நம்பி முளைத்தவை அதன் பின்வரும் வறட்சியில் மாண்டாலும், வம்சம் அறுந்துபோகாமலிருக்கக் கைவசம் வைத்துக்கொண்ட மூலதனம் அந்த ஊறாத பகுதி. அதையும் உரசித் தீர்த்துவிட்டால், அவ்வாண்டு ஒரு பாத்தி நிறையப் பூ கிடைக்கும். மறு ஆண்டு மறுபடியும் தீப்பெட்டியோடுதான் நிற்க வேண்டும். பாதியை உரசியும் பாதியை உரசாமலும் கலந்து தூவுவதே உசிதம்.

எப்போது தூவுவது? ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழி தமிழகத்தின் பல பகுதிகளுக்கு உத்தமமான விதி; சென்னைக்கு அது ஓரளவே செல்லும். இந்நகரத்தின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையைச் சூழ்ந்த வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. ஆடி மழையை நம்பி முளைத்த குருத்து ஆவணி வெயிலில் வாடும் அபாயம் உண்டு. புரட்டாசி நடுவில் தூவினால், பெருமழைக்கு முன்பே வேர் ஒரு சாண் இறங்கிவிடும். நாற்றங்காலில் வளர்த்துப் பிடுங்கி நடும் முறை இவற்றுக்கு ஆகாது; முதல் இலை விரியுமுன்பே ஆணிவேர் பல அங்குலம் ஓடிவிடுவதால், பிடுங்கும்போது அறுந்து செடி தேறுவதில்லை. நிலமில்லாதவர்கள் ஆழமான பையிலோ, செய்தித்தாளைச் சுருட்டிச் செய்த குழலிலோ விதைத்து, குழலோடு நடலாம். தொட்டியில் நீர் தேங்கினால் தண்டு அடியில் கறுத்துச் சாயும். ஆற்றுமணல் பாதிக்குப் பாதி கலப்பது அதற்குப் பரிகாரம்.

புதிதாகக் கொட்டிய கட்டட மண்ணில் விதைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காற்றிலுள்ள நைட்ரஜனை அவரையினங்கள் தாமே கைக்கொள்வதில்லை. வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே அவ்வுதவியைச் செய்கின்றன என்பது 1880-களில் ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்பார்த்தும் நிலைநாட்டிய உண்மை. அந்த நுண்ணுயிர் இல்லாத மண்ணில் செடி மஞ்சள் பாய்ந்து நின்றுவிடும். பழைய கிலுகிலுப்பை நிற்கும் இடத்திலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துவந்து கலந்தால் போதும். ஆறு வாரச் செடியைப் பிடுங்கி, வேரிலுள்ள முடிச்சொன்றை நகத்தால் கீறினால், உள்ளே நம் குருதிக்கு உறவான ஒரு பொருளால் இளஞ்சிவப்பு நிறம் தெரியும். சிவப்பிருந்தால் வேலை நடக்கிறது, வெளுத்திருந்தால் நடக்கவில்லை.

இயல்புத் தாவரம் எது என்பதில் பிடிவாதமாக இருக்க வேண்டிய காரணத்தை லூப்பினே உபதேசிக்கிறது. மண்ணரிப்பால் வறண்ட ஐஸ்லாந்தை வளப்படுத்த 1945-இல் அலாஸ்காவிலிருந்து கொண்டுபோன லூப்பின், வளப்படுத்தியதோடு நில்லாமல் அந்நாட்டுக் குறுஞ்செடிகளை மூடிப் பரவியது. இன்று அழகுக்காக அதைப் போற்றுவோரும் அழிவுக்காக வெறுப்போரும் அங்கே இரு கட்சிகளாக இருக்கிறார்கள். நமது நீலகிரியிலும் வெள்ளையர் கொண்டுவந்த ஸ்காட்ச் புரூம், லூப்பினின் நேர்ச் சகோதரமான புதர், சோலைகளுக்கிடையேயான புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது; அதைப் பல தலைமுறைக்கு நிலைநிறுத்துவதும் மண்ணில் கிடக்கும் இதே ஊறாத விதைச் சேமிப்புத்தான். நம் நாட்டுக் கிலுகிலுப்பைகளும் உத்தமர்களல்லர். பசுந்தாள் உரமென்று அமெரிக்காவின் தென்பகுதிக்குப் போன சில இனங்கள் அங்கே களைப்பட்டியலில் இருக்கின்றன. சங்குப்பூவின் பூர்வீகத்தைப் பற்றித் தாவர நூலோரிடையே இன்னும் வாதம் நடப்பதால், அதை மேலே சொன்ன இயல்புத் தாவரக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

நச்சுத்தன்மையைச் சொல்லாமல் விடுவது குற்றமாகும். கிலுகிலுப்பை விதையிலும் இலையிலும் ஈரலைக் கெடுக்கும் கசப்புப் பொருள்கள் உள்ளன. 1970-களின் நடுவில், அன்றைய மத்தியப் பிரதேசத்துச் சர்குஜா மாவட்டத்தில், சாமை போன்ற ஒரு சிறுதானியத்தோடு கிலுகிலுப்பை விதை கலந்துபோய், அதை உண்ட கிராமத்தார் பலர் ஈரல் நோயால் மாண்டனர். குழந்தைகள் காயைக் குலுக்கி விளையாடலாம், வாயிலிட விடலாகாது. தானியம் காயப்போடும் களத்துக்கருகில் இச்செடியை வளர்க்கவும் கூடாது.

இதே நஞ்சு சில ஜீவன்களுக்குச் செல்வம். கருமையில் வெளிர்நீலத் திட்டுகளுடைய வண்ணத்துப்பூச்சிகள், மழைக்காலங்களில் மலைத்தொடர்களுக்கிடையே கூட்டங்கூட்டமாக இடம்பெயர்பவை, வாடிய கிலுகிலுப்பைத் தண்டில் மொய்த்து அந்தக் கசப்பை உறிஞ்சிச் செல்வதைக் காணலாம். ஆண் பூச்சிகள் அதிலிருந்தே பெண்ணை ஈர்க்கும் வாசனையைத் தயாரிக்கின்றன. வெள்ளைச் சிறகில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளியிட்ட ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழுவோ, காயில் வட்டமாகத் துளையிட்டு உள்ளிருந்தபடியே விதையைத் தின்று, அந்த நஞ்சையே தனக்குக் கவசமாக்கிக்கொள்கிறது. நான் சென்ற ஆண்டு சேர்த்த காய்களில் மூன்றிலொன்று குலுக்கியபோது சத்தமிடவில்லை. திறந்தால் விதைக்குப் பதில் புழுவின் எச்சம். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கார்னர் நீலம் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு, அங்குள்ள காட்டு லூப்பின் இலையைத் தவிர வேறெதையும் உண்பதில்லை. 1944-இல் அதை விவரித்துப் பெயரிட்டவர் நாவலாசிரியர் நபக்கோவ். லூப்பின் குறைந்தது, பூச்சியும் குறைந்தது; 1992-இல் அது அருகிவரும் உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்நாட்டார் லூப்பின் விதையை இவ்வளவு சிரத்தையோடு உரசி ஊறவைத்து விதைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அத்தகைய சிரத்தை இங்கே இல்லாததற்குக் காரணம் அழகுணர்ச்சிக் குறைவன்று, விதை கிடைக்காததே. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் உள்ள நாற்றுப் பண்ணைகளில் கேட்டுப் பார்த்தால், ஆந்திரத்துக் கடியத்திலிருந்து லாரியில் வந்த அலங்காரச் செடிகள் எத்தனையோ கிடைக்கும். கிலுகிலுப்பை என்றால் சிரிப்பார்கள். தரமணியிலேயே, எம்.எஸ். சுவாமிநாதன் 1988-இல் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில், உழவர்களின் பாரம்பரிய விதைகளைக் குளிரில் பாதுகாக்கும் காப்பகம் இருக்கிறது. நெல்லுக்கும் சிறுதானியத்துக்கும் கிட்டிய அந்தக் கவனிப்பு, வேலியோரப் பூவுக்கும் ஒரு நாள் கிட்டலாம். அடையாறு முகத்துவாரத்தில் குப்பைமேடாக இருந்த 58 ஏக்கரை இயல்புத் தாவரங்களைக்கொண்டே மீட்டு, 2011-இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா, இம்முயற்சி நகரத்துக்குள்ளும் சாத்தியமென்று காட்டியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளைக்கொண்டு ஆயிரக்கணக்கில் உருட்டி வீசும் விதைப்பந்துகளைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. மண்ணுருண்டை விதையை எறும்பிடமிருந்து காக்கும், பூட்டைத் திறக்காது. கோடை விடுமுறையில் வீசியதற்கும் புரட்டாசியில் வீசியதற்கும் உள்ள வேறுபாட்டை விழாக்குழுக்கள் நினைத்துப் பார்ப்பதாகவும் தெரியவில்லை.

ஆகையால், வேண்டுபவர் தாமே சேகரிப்பதுதான் இப்போதைக்கு வழி. தை, மாசியில் காய் கறுத்துச் சத்தமிடும் பருவத்தில், ஒரு செடியில் பாதிக்கு மேல் பறிக்காமல், ஐந்தாறு இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, துணிப்பையில் நிழலில் உலர்த்தி, புழு அரித்தவற்றை நீக்கி, இடத்தையும் நாளையும் எழுதி வைக்க வேண்டும். தரமணிப் பாத்திக்குத் தரமணி, வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்து விதையே மேல். கோயம்புத்தூர் விதையும் அதே இனந்தான் எனினும், அது அறிந்துவைத்திருக்கும் மழைக்காலம் வேறு.

மண்வெட்டி அம்மாள் எனக்காக விட்டுவைத்த அந்த ஒரு செடியின் விதையைத்தான் முதல் ஆண்டு தீப்பெட்டியில் உரசி ஊறவைத்தேன். பருத்தவற்றைத் தொட்டியிலிட்டேன், கிண்ணத்தடியில் கிடந்த ஊறாதவற்றை, தாயாரின் பழக்கம் கையில் ஒட்டியிருந்ததால், படிக்கட்டுக்கருகில் இருந்த வெற்றுமண்ணில் கொட்டிவிட்டு மறந்துபோனேன். தொட்டியில் வந்த செடிகள் அந்தக் கார்த்திகையில் பூத்துக் காய்த்து, சித்திரைக்குள் காய்ந்து முடிந்தன. அதற்கடுத்த ஐப்பசியில், மூன்று நாள் அடைமழை விட்ட காலையில் செருப்பைத் தேடிப் படியிறங்கியபோது, அந்த வெற்றுமண்ணில் ஏழு முளைகள் நின்றன. ஏழாவது, விதைத்தோலை இன்னும் தலையில் தொப்பிபோல் கவிழ்த்துக்கொண்டிருந்தது.